2000 பிரெஞ்சு கப் ஃபைனல், கலே – நாந்த் மேட்ச்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நாலாவது டிவிஷன் ஃபுட்பால் டீம் ஒன்னு ஒரு நாட்டோட பெரிய கப் ஃபைனல் வரைக்கும் வந்து, ஹாஃப் டைம்ல முன்னிலைலயும் இருந்துச்சுன்னு சொன்னா யாரும் முதல்ல நம்ப மாட்டேங்கறாங்க. நம்பினதுக்கு அப்புறம் வரிசையா கேள்வி கேக்கறாங்க. எனக்கு இந்த மேட்ச் மேல தனிப் பாசம், அதனால ஒவ்வொரு தடவையும் மூச்சு விடாம பேசிட்டு இருப்பேன். எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா கேக்கறவங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

எந்த மேட்ச்னு முதல்ல சொல்லுங்க

2000 மே 7, ஞாயித்துக்கிழமை. பாரிஸ் பக்கத்துல சென் டெனில இருக்கற ஸ்டாட் து பிரான்ஸ் மைதானம். 1998 உலகக் கோப்பை ஃபைனல் நடந்துச்சே, அதே இடம் தான். ஒரு பக்கம் கலே, நாலாவது டிவிஷன். இன்னொரு பக்கம் நாந்த், முதல் டிவிஷன், அதுவும் முந்தின வருஷம் இதே கப்ப ஜெயிச்ச டீம். கலே முதல்ல கோல் போட்டாங்க. கடைசில நாந்த் 2-1ல ஜெயிச்சாங்க, ஜெயிக்க வச்ச கோல் 90வது நிமிஷத்துல பெனால்டில வந்துச்சு.

கலேன்னா இங்கிலாந்துக்கு கப்பல் போற ஊர் தானே?

அதே ஊர் தான். கடல் குறுகலா இருக்கற இடம், வானம் தெளிவா இருந்தா எதிர்க் கரைல டோவர் பக்கத்து வெள்ளைப் பாறைங்க தெரியும். 1994ல திறந்த கடலடி சுரங்க ரயிலும் இந்த ஊர் பக்கத்துலேர்ந்து தான் கிளம்புது. அதுக்கெல்லாம் முன்னாடி லேஸ் துணி நெய்யறதுக்கு பேர் போன ஊர், அப்புறம் அந்தத் தொழில் தேஞ்சு போச்சு, மில்லுங்க மூடிட்டே வந்துச்சு, வேலை இல்லாத ஜனம் ஜாஸ்தியாச்சு. பிரான்ஸ்ல மத்த ஊர்க்காரங்க கலேவ ஒரு ஊரா பார்த்ததே கம்மி, கப்பல் ஏற போற வழில கடந்து போற இடம், அவ்ளோ தான்.

1999 கணக்குப்படி ஊர் ஜனத்தொகை சுமார் 77,000. ஸ்டாட் து பிரான்ஸ்ல கிட்டத்தட்ட 80,000 பேர் உக்காரலாம். அதாவது கைக்குழந்தைலேர்ந்து தாத்தா பாட்டி வரைக்கும் கலே ஊர் மொத்தமும் கிளம்பி வந்திருந்தாலும் சீட் மிச்சம் இருந்திருக்கும்.

நாலாவது டிவிஷன்னா எவ்ளோ கீழ?

அப்போ பிரான்ஸ்ல மேல ரெண்டு டிவிஷன் தான் முழு புரொஃபஷனல். அதுக்குக் கீழ நேஷனல்னு ஒன்னு. அதுக்கும் கீழ தான் கலே ஆடின அமெச்சூர் டிவிஷன். பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் பிராக்டிஸ் வர்ற ஆளுங்க. துறைமுக வேலை, ஆபீஸ் வேலை, கடை வேலை, டீச்சர்னு ஆளுக்கு ஒன்னு. ஃபுட்பால்ல கொஞ்சம் காசு வந்தாலும் அத நம்பி வீடு நடத்த முடியாது.

இங்க ஒன்னு சொல்லணும். "அமெச்சூர்"னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுல ஆடறவங்கன்னு நினைச்சுடறாங்க. அப்படி இல்ல. சின்ன வயசுல பெரிய கிளப் அகாடமில சேர்ந்து, கான்ட்ராக்ட் கிடைக்காம வெளிய வந்த பசங்க இந்த டிவிஷன்ல நிறைய பேர் ஆடுவாங்க. பந்து எப்படி வாங்கணும் எங்க ஓடணும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். கிடைக்காதது நேரமும் சம்பளமும் தான்.

அப்புறம் எப்படி பெரிய டீமோட மோத விட்டாங்க?

அது தான் பிரெஞ்சு கப்போட அழகே. 1917-18 சீசன்லேர்ந்து நடக்கற போட்டி, நாட்டுல இருக்கற எந்த கிளப் வேணும்னாலும் சேரலாம், ஆயிரக்கணக்குல கிளப்புங்க சேருவாங்க, கடல் தாண்டி இருக்கற தீவுங்கள்லேர்ந்து கூட டீம் வரும். கீழ இருக்கறவங்க முன்னாடியே ஆரம்பிச்சு ஒவ்வொரு ரவுண்டா ஏறி வரணும், முதல் டிவிஷன் டீமுங்க ஜனவரில தான் உள்ள வருவாங்க. குலுக்கல்ல யாருக்கு யார் வேணும்னாலும் வரலாம். ரெண்டு டிவிஷனோ அதுக்கு மேலயோ வித்தியாசம் இருந்தா சின்ன டீமுக்கு தான் ஹோம் மேட்ச்னு ஒரு விதி. ஒரே மேட்ச், அப்போ டிரா ஆனா எக்ஸ்ட்ரா டைம், அதுலயும் தீரலன்னா பெனால்டி ஷூட்அவுட்னு இருந்துச்சு.

லீக்ல 34 மேட்ச் ஆடினா பணம் இருக்கற டீம் மேல வந்துடும். ஒரே ஒரு மேட்ச்னா அப்படி சொல்ல முடியாது. கலே மாதிரி டீமுக்கு இந்த கப் திறந்து வைக்கற கதவு அது ஒன்னு தான்.

யார் யாரத் தோக்கடிச்சு வந்தாங்க?

ஆரம்ப ரவுண்டுங்கள்ல அக்கம்பக்கத்து சின்ன ஊர் டீமுங்க. அப்புறம் பக்கத்து ஊர் டன்கர்க்க 4-0. ஜனவரில முதல் பெரிய சோதனை, லீல். அந்த வருஷம் ரெண்டாவது டிவிஷன்ல எல்லாரையும் அடிச்சு முதலிடம் வந்து மேல ஏறின டீம் அது, கோச் வாஹித் ஹலில்ஹோட்ஸிச். கலே இருக்கற வடக்கு பிரான்ஸ்ல பெரிய அண்ணன் மாதிரி. 1-1, ஷூட்அவுட்ல கலே. அடுத்து லாங்கோன்னு இன்னொரு சின்ன டீம், அது ஈசி. அதுக்கு அடுத்து கான், சினிமா விழா நடக்கற ஊரே தான், ரெண்டாவது டிவிஷன், திரும்பவும் 1-1, திரும்பவும் ஷூட்அவுட், திரும்பவும் கலே.

குவார்ட்டர் ஃபைனல்ல ஸ்ட்ராஸ்பூர். முதல் டிவிஷன் டீம். முதல் கோல் அவங்க தான் போட்டாங்க. கலே அதுக்கப்புறம் ரெண்டு போட்டு 2-1ல முடிச்சாங்க. செமில போர்டோ, அது பத்தி தனியா சொல்றேன்.

ரெண்டு ஷூட்அவுட், அப்போ எல்லாம் லக் தானே?

இந்தக் கேள்வி தான் ஜாஸ்தி வருது, இதுக்கு தான் நான் ஜாஸ்தி கோவப்படுவேன்.

லீல் மேட்ச்ச மட்டும் பார்த்தா லக்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒரே சீசன்ல ரெண்டு ரெண்டாவது டிவிஷன் டீம், ரெண்டு முதல் டிவிஷன் டீம், நாலு பேரும் வெளிய போறாங்கன்னா அதுல லக்க விட வேற என்னமோ இருக்குல்ல. கோச் லாதிஸ்லாஸ் லொசானோ டீம வெறும் பின்னாடி நிக்க வைக்கல. ஒன்பது பேர கோல் முன்னாடி சுவர் மாதிரி நிறுத்தி நேரத்த ஓட்டறது சின்ன டீமுங்க வழக்கமா பண்றது, கலே அத பண்ணல. பந்து கிடைச்சா தரையிலயே பாஸ் போட்டு முன்னாடி போனாங்க. ஸ்ட்ராஸ்பூர் கோல் போட்ட உடனே பயந்து உள்ள இழுத்துக்காம ஆடினாங்க பாருங்க, அங்க தெரியும் அது.

செமி ஃபைனல்ல என்ன தான் நடந்துச்சு?

2000 ஏப்ரல் 12. எதிர்ல போர்டோ, 1999ல பிரெஞ்சு லீக் சாம்பியன். கலே கிரவுண்ட் ரொம்ப சின்னது, அதனால குவார்ட்டர் ஃபைனல் மாதிரியே இதுவும் லான்ஸ் ஊர்ல நடந்துச்சு. லான்ஸ் ஸ்டேடியத்துக்கு ஒரு விசேஷம், அப்போ 40,000 பேருக்கு மேல உக்காரலாம், ஆனா அந்த ஊர் ஜனத்தொகையே அவ்ளோ கிடையாது. சுரங்கத் தொழிலாளிங்க ஊர். ஃபுட்பால்னா உயிர விடுவாங்க. அன்னைக்கு வடக்கு மொத்தமும் கலே பக்கம்.

90 நிமிஷம் 0-0. இதுவரைக்கும் கூட "பரவால்ல, நல்லா தாங்கினாங்க"ன்னு சொல்லிட்டு போயிடலாம். எக்ஸ்ட்ரா டைம்ல செத்ரிக் ஜான்தோ கோல் போட்டார், 1-0. அப்புறம் போர்டோவோட லிலியான் லாஸ்லாந்த் சமன் பண்ணிட்டார், 1-1. நாள் பூரா வேலை பார்த்து பழகின கால், 100 நிமிஷத்துக்கு மேல ஓடியாச்சு, எதிர்ல சாம்பியன், இந்த இடத்துல எந்தச் சின்ன டீமும் விழுந்துடும். கலே விழல. மத்தியூ மிலியன் ஒன்னு, மிக்காயேல் ஜெரார் ஒன்னு, 3-1. கடைசி கோலப்போ போர்டோ ஆளுங்க நடந்துட்டு இருந்தாங்க, கலே ஆளுங்க ஓடிட்டு இருந்தாங்க. எனக்கு ஃபைனல விட இந்த மேட்ச் தான் பெரிசு, சத்தியமா.

நாந்த் அவ்ளோ பெரிய டீமா?

பேர் பெரிசு, ஆனா அந்த வருஷம் நிலைமை மோசம். சின்னச் சின்ன பாஸ் போட்டு வேகமா ஆடறதுக்குன்னு நாந்த்துக்கு தனி பேர் உண்டு, சொந்த அகாடமில வளர்ந்த பசங்கள வச்சே ஆடற கிளப், மஞ்சள் சட்டைய வச்சு கேனரிங்கன்னு கூப்பிடுவாங்க. கோச் ரேனால் தெனுவே. ஆனா 1999-2000 சீசன்ல லீக்ல கீழ சரிஞ்சு, ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுவோமோங்கற பயத்துலயே சீசன் கடைசி வரைக்கும் போனாங்க. ஃபைனல் நடந்தப்போ கூட அந்தப் பயம் தீரல.

இத யோசிச்சு பாருங்க. கலே தோத்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, ஊர்ல மாலை போட்டு வரவேற்பாங்க. நாந்த் தோத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. மைதானத்துல இருந்தவங்கள்ல நாந்த் ஊர்க்காரங்க தவிர பொதுவா எல்லாரும் கலே பக்கம், டிவி முன்னாடி இருந்த நாடும் அப்படித் தான், ஜனாதிபதி ஷிராக் வேற வந்து உக்காந்திருக்கார். முதல் பாதில நாந்த் பசங்க காலு கட்டின மாதிரி ஆடினாங்கன்னா அதுக்கு காரணம் இது தான். இதே டீம் அடுத்த வருஷம், 2001ல, லீக் சாம்பியன் ஆச்சு! திறமை இல்லாதவங்க இல்லவே இல்ல.

ஃபைனல்ல கலே எப்படி கோல் போட்டாங்க?

34வது நிமிஷம். கோல் முன்னாடி ஒரே நெரிசல், பந்து சரியா வெளிய போகல, பக்கத்துலேர்ந்து ஜெரோம் துதீத்ர் உள்ள தள்ளிட்டார். அழகான கோல்னு சொல்ல முடியாது. ஆனா அந்த கோலுக்கு எழுந்த சத்தத்த வீடியோல கேளுங்க, கமென்ட்டேட்டர் குரல் காணாமப் போயிடும்.

ஹாஃப் டைம் வரைக்கும் 1-0. நாலாவது டிவிஷன் டீம் ஒன்னு கப்புக்கு 45 நிமிஷம் தூரத்துல.

ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமே அந்துவான் சிபியெர்ஸ்கி சமன் பண்ணிட்டார். இந்த சிபியெர்ஸ்கி யாருன்னா, லீல்ல பிறந்து லீல் கிளப்லயே வளர்ந்தவர். கலேலேர்ந்து அவர் ஊர் நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் தான். வடக்கத்திப் பையன் தான் வடக்கோட கனவ கலைச்சார், அத நினைச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

அந்தப் பெனால்டி நியாயமா?

இல்லன்னு தான் நான் சொல்வேன்.

1-1ல மேட்ச் எக்ஸ்ட்ரா டைமுக்கு போகப் போகுதுன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்கும்போது நாந்த் ஸ்ட்ரைக்கர் அலன் கவெக்லியா பெனால்டி ஏரியாக்குள்ள கலே டிஃபெண்டர் பக்கத்துல விழறார். ரெஃப்ரி க்ளோத் கொலம்போ விசில் ஊதி பெனால்டி புள்ளிய காட்டறார். திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஸ்லோ மோஷன்லயும் பார்த்தேன், பெனால்டி குடுக்கற அளவு இடிச்ச மாதிரி எனக்குத் தெரியல. அந்தக் காலத்துல வீடியோ ரெஃப்ரியும் இல்ல. சிபியெர்ஸ்கி அடிச்சு உள்ள போட்டார், 2-1, முடிஞ்சது.

எதிர் வாதத்தையும் சொல்லிடறேன். ரெஃப்ரி ஒரே ஒரு தடவ தான் பார்க்கறார், ஒரே கோணத்துல. ரெண்டாவது பாதில நாந்த் நல்லாவே ஆடினாங்க, எக்ஸ்ட்ரா டைம் போயிருந்தாலும் அவங்களே ஜெயிச்சிருக்கலாம். ஆனா செமில எக்ஸ்ட்ரா டைம்ல மூணு கோல் போட்ட டீமுக்கு அந்த அரை மணி நேரம் கிடைச்சிருக்கணுமா இல்லயா? அது தான் என் ஆதங்கம். இன்னொன்னு, முந்தின வருஷ ஃபைனல்லயும் நாந்த் ரெண்டாவது டிவிஷன் செடான் டீம 1-0ல ஜெயிச்சது சர்ச்சையான பெனால்டில தான். ரெண்டு வருஷம், ரெண்டு சின்ன டீம், ரெண்டும் பெனால்டி.

ரெண்டு கேப்டனும் சேர்ந்து கப்ப தூக்கின போட்டோ உண்மையா?

உண்மை தான், எடிட் இல்ல. நாந்த் கேப்டன் கோல்கீப்பர் மிக்காயேல் லாந்த்ரோ. வயசு 20, 21 ஆக இன்னும் ஒரு வாரம். கப் வாங்க மேடைக்கு போனப்போ கலே கேப்டன் ரெஜினால்ட் பெக்க கூட்டிட்டு வந்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி மாதிரி பிடிச்சு ரெண்டு பேருமா மேல தூக்கினாங்க. பெக் முகத்த பாருங்க, சிரிப்பும் இருக்கு, அழுது முடிச்ச களைப்பும் இருக்கு. இருபது வயசுப் பையன், லீக்ல கீழ இறங்கற பயம், 90 நிமிஷம் நாடே எதிர் டீமுக்கு கத்தின எரிச்சல், எல்லாத்தையும் வச்சுகிட்டு அந்த நேரத்துல அவனுக்கு அது தோணிருக்கு பாருங்க. அதனால தான் நாந்த் மேல எனக்கு கோவமே வர்றதில்ல. லாந்த்ரோ அப்புறம் பிரெஞ்சு முதல் டிவிஷன்லயே ஜாஸ்தி மேட்ச் ஆடின ஆள் ஆனார், 618 மேட்ச்.

கலே ஜெயிச்சிருந்தா?

அடுத்த சீசன் யுஇஎஃப்ஏ கப்ல ஆடிருப்பாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு பிராக்டிஸ் வர்ற டீம், ஐரோப்பா சுத்தி மேட்ச். லீவு யார் குடுத்திருப்பாங்கன்னு தெரியல.

இந்த மாதிரி வேற யாராவது வந்திருக்காங்களா?

நாலாவது டிவிஷன்லேர்ந்து ஃபைனலுக்கு முதல்ல வந்தது கலே தான். மூணாவது டிவிஷன்லேர்ந்து சில பேர் வந்திருக்காங்க. 1996ல நீம், ஒசேர் கிட்ட 2-1ல தோத்தாங்க. 2012ல கெவிய்யி, லியோன் கிட்ட 1-0. 2018ல லே எர்பியே, பாரிஸ் சென் ஜெர்மெய்ன் கிட்ட 2-0, அந்த மேட்ச் முடிஞ்சும் பாரிஸ் கேப்டன் தியாகோ சில்வா எர்பியே கேப்டன கூப்பிட்டு சேர்ந்து தான் கப்ப தூக்கினார், லாந்த்ரோ போட்ட பாதைன்னு தான் நான் நினைச்சுக்கறேன். பாவம் எர்பியே, அதே சீசன்ல லீக்ல கீழ இறங்கிட்டாங்க.

ஜெயிச்ச சின்ன டீம்னா 2009ல கங்கான். ரெண்டாவது டிவிஷன், ரென் டீம 2-1ல தோக்கடிச்சாங்க. ஊர் ஜனத்தொகை பத்தாயிரத்துக்கும் கீழ.

அதுக்கப்புறம் கலே கிளப் என்ன ஆச்சு?

இத எழுத எனக்கு பிடிக்கல, ஆனா கேக்கறீங்க. 2006ல ஒரு தடவ மறுபடி கப்ல குவார்ட்டர் ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, அங்க எதிர்ல வந்தது யாரு, நாந்த்! 1-0ல தோத்தாங்க. 2008ல ஊர்ல புது ஸ்டேடியம் கட்டி அந்த 2000 கப் ஓட்டத்தோட ஞாபகமா "எப்போப்பே"ன்னு பேர் வச்சாங்க, பிரெஞ்சுல அதுக்கு காவியம்னு அர்த்தம். ஆனா பணப் பிரச்சனை தலைக்கு மேல போய், ஒவ்வொரு டிவிஷனா இறங்கி, 2017ல கிளப்பையே கலைச்சுட்டாங்க. காவியம்னு பேர் வச்ச ஸ்டேடியம் இருக்கு, அந்தக் காவியத்த எழுதின கிளப் இல்ல.

கப் ஓட்டத்துல வந்த பேரும் பணமும் ஒரு சீசனுக்கு தான் தாங்கும், அமெச்சூர் கிளப்ப வருஷா வருஷம் நடத்தறது வேற விஷயம். கலேக்கு உதவி பண்றேன்னு சொன்னவங்க 2000ல ஆயிரம் பேர் இருந்திருப்பாங்க. 2017ல எத்தன பேர் இருந்தாங்கன்னு கேட்டா எனக்கு வயிறு எரியுது.

பாரிஸ் போனா அந்த மைதானத்த பார்க்கலாமா?

தாராளமா. நம்ம ஆளுங்க கடை நிறைய இருக்கற லா ஷப்பெல் பக்கம் எப்படியும் போவீங்க, அங்கேர்ந்து ரொம்ப கிட்ட. கார் து நோர் ஸ்டேஷன்ல ஆர்இஆர் பி ரயில்ல ஏறினா அடுத்த ஸ்டாப்பே ஸ்டாட் து பிரான்ஸ் தான்.

பத்து நிமிஷம் தான் இருக்கு, வீடியோல எத பார்க்கறது?

செமி ஃபைனல் எக்ஸ்ட்ரா டைம் கோல் நாலையும் முதல்ல பாருங்க. அப்புறம் ஃபைனல்ல துதீத்ர் கோல், சத்தத்த குறைக்காம. நேரம் இருந்தா கப் தூக்கற இடம். பெனால்டிய கடைசில பாருங்க, இல்ல விட்டுடுங்க.